பச்சைப் பயிரைப் பிடுங்கிய ஸ்டெல்லா டீச்சர்

ஸ்டெல்லா டீச்சர் போய்விட்டார் என்று உதியன்குளங்கரையிலிருந்து போன் வந்தபோது, அமரவிளையில் ஒரு சாயாக்கடையில் இருந்தேன். பாதிச் சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அழுகை வந்தது, அழுதேன். எனக்கென்ன வெட்கம்?

கல்லூரியில் மண்ணின் நுண்ணுயிரிகளைப் பற்றிப் பாடம் எடுத்தவர் டீச்சர். எங்களுக்கு இருப்பதே ஒரு விளைதான், வீட்டையொட்டிய துண்டு நிலம். அதைக் குத்தகைக்கு எடுத்த ஒருவன் பழைய பேட்டரிகளை உருக்கி, மண்ணையெல்லாம் ஈயமாக்கிவிட்டுப் போனான். புல்கூட முளைக்கவில்லை. விற்றுத் தொலைக்கலாம் என்றிருந்தேன். விஷயம் கேள்விப்பட்டு டீச்சரே வந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். "இந்த விஷத்திலயும் சாவாம கெடக்குத பாக்டீரியா உண்டு அண்ணே. அதுவளையே வேலைக்கு விடுவோம்."

அந்த மண்ணிலிருந்தே ஒரு வகையைப் பிரித்து வளர்த்து, சிறுபயறு விதையில் புரட்டி விதைத்தோம். அடேயப்பா! செடி மதமதவென்று வளர்ந்தது. என் மனைவி கூடையோடு வந்துவிட்டாள். டீச்சர் மறித்தார். சோதித்ததில் காய்க்குள் ஈயம் இருந்தது. வேரைச் செழிக்க வைத்த பாக்டீரியா, ஈயத்தையும் கரைத்துச் செடிக்குள் ஏற்றிவிட்டதாம்.

"எல்லாத்தையும் பிடுங்கணும்."

"டீச்சருக்குக் கிறுக்காக்கும்!" என்று கத்தினேன்.

அவர் சேலையைச் செருகிக்கொண்டு முதல் செடியைத் தாமே பிடுங்கினார். "பச்சையா நின்னா போதுமா? பிள்ளைங்க திங்கண்டாமா?"

அடுத்து வேறொரு வகை பாக்டீரியாவை விதையில் புரட்டினோம். இது ஈயத்தை மண்ணிலேயே கட்டிப்போடும் என்றார். செடி குட்டைதான், எனக்குத் திருப்தியில்லை. ஆனால் சோதனை முடிவு வந்த அன்று டீச்சர் ரோட்டிலிருந்தே கூவினார்: "ஜெயிச்சாச்சு அண்ணே! தைரியமாத் திங்கலாம்!" விளை முழுக்கக் குதித்தோம். அப்புறமும் ஒவ்வொரு விளைச்சலையும் சோதிக்காமல் அவர் விட்டதில்லை.

எங்கள் பக்கம் அடக்கம் முடிந்தால் கஞ்சியும் பயறும்தான். வீட்டிலிருந்த பயறு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய், நானே பரிமாறினேன். டீச்சரை அறிந்தவர்களே, நீங்கள் அன்று தின்றது அந்தப் பயறுதான். அவருடைய பிடிவாதத்தை நான் வைத்துக்கொள்கிறேன். சோதிக்காமல் ஒரு மணியும் என் விளையிலிருந்து வெளியே போகாது.

அவர் மகள் அழுது வீங்கிய முகத்தோடு கடைசியில் வந்து உட்கார்ந்தாள். ஒரு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மைக்க பயறா மாமா?"

"ஆமா மக்கா."

தட்டை நீட்டினாள். "இன்னும் போடுங்க."