பீரங்கிப் படகுக்குக் கரி ஏற்றுகிறவள்

கூடை கைக்கு வந்ததும் ஒமசா உடனே கவிழ்ப்பதில்லை. ஒரு பார்வை பார்ப்பாள். கரியோடு கரியாகக் கிடக்கும் கல்லை இரண்டு விரலால் பிடுங்கிக் கடலில் எறிவாள். அப்புறம்தான் கப்பலின் கரிக்குழிக்குள் கொட்டுவாள். நாகசாகித் துறைமுகத்தில் ஏணியில் வரிசையாக நின்று கூடை கைமாற்றும் பெண்களில் உச்சிப்படி அவளுடையது. அதை இன்னொருத்திக்கு அவள் விட்டுக்கொடுத்து யாரும் பார்த்ததில்லை.

கடற்படையின் நீராவிப் பீரங்கிப் படகுகள் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். மர உடம்பு, பாய்மரங்களுக்கு நடுவே ஒற்றைப் புகைபோக்கி. உயரம் குறைவு, ஏணியும் குட்டை. ஆனாலும் வாய் சும்மா இருக்காது.

"காத்து இந்த அடி அடிக்குது, பாயை விரிச்சுப் போனா என்னவாம்? உக்காந்து தின்னே பழகிட்டான், சோம்பேறி!" என்று புகைபோக்கியைத் திட்டுவாள். வரிசை முழுக்கச் சிரிக்கும்.

தெற்கே சத்சுமாவில் அரசாங்கத்துக்கு எதிராகக் கலகம் வெடித்த வசந்தத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. ஒமசா சத்சுமாக்காரி, தனியாமாவில் பிறந்தவள். அவள் தம்பி கலகக்காரர்களோடு சேர்ந்துவிட்டது எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் காலை, கலகத்தை அடக்க அந்தக் கரைக்குப் போகும் பீரங்கிப் படகு கரிக்கு வந்து நின்றது.

"நீ வீட்டுக்குப் போயிடுக்கா. நாங்க பாத்துக்கறோம்" என்றாள், கீழ்ப்படியில் நின்ற ஒகுனி.

"நான் போனா இவன் பட்டினி கிடப்பானாக்கும்?"

அன்று ஒமசா கல் பொறுக்கவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் உள்ளே போயிற்று. கல் எரியாது; அடுப்பை அடைக்கும்; படகு தடுமாறித்தான் போகும். தம்பி தப்பிக்க ஒரு பொழுதாவது கிடைக்கட்டும்.

மதியம் அடுப்பில் புதுக் கரியைப் போட்டார்கள். சற்றைக்கெல்லாம் அடுப்புக்காரன் ஒருவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தான். தோல் வெந்திருந்தது.

"கல்லு பாக்குறது யாரு, அக்கா? சூட்டுல வெடிச்சு மேல தெறிச்சிருச்சு."

பேச்சில் சத்சுமா இழுவை. ஒமசாவின் கையில் கூடை அப்படியே நின்றது.

"எந்த ஊரு தம்பி?"

"தனியாமாவுக்கு வடக்கே. அப்பா இன்னும் அங்கதான் இருக்காரு."

"தெரிஞ்சுமா இதுல போற?"

"அடுப்பு முன்னால நிக்கிறவனுக்கு ஜன்னலா இருக்கு? பீரங்கி வெடிச்சாத்தான் ஊர் வந்துருச்சுன்னு தெரியும்."

"நான்தான் பொறுக்கல. வேணும்னுதான்" என்றாள் அவள். அவளுடைய இழுவையும் அவன் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"மேல ஏன் நிக்குது?" என்று கீழிருந்து மேஸ்திரி கத்தினான்.

"ஒண்ணுமில்ல, கூடை சிக்கிக்கிச்சு!" என்று அடுப்புக்காரனே பதில் கொடுத்தான்.

அதன்பிறகு வந்த ஒவ்வொரு கூடையையும் ஒமசா கையை விட்டுத் துழாவினாள். வேலை முடிந்தபோது அவன் கையில் கட்டோடு புகைபோக்கியடியில் நின்றிருந்தான். பெண்கள் கால் வைக்காத அந்தத் தளத்தில் அவள் இறங்கி நடந்தாள். தலைத்துணியை அவிழ்த்தாள்.

"முகத்தைக் காட்டு."

துணி முழுக்கக் கரி. துடைக்கத் துடைக்க அவன் முகம் இன்னும் கறுத்ததே தவிர வெளுக்கவில்லை. அவள் நிறுத்தவில்லை, துணியைத் திருப்பித் திருப்பி, சுத்தமாக ஒரு மூலை இருக்கிறதா என்று தேடினாள்.