ஒண்ணாங் கிளாஸ் கன்னியப்பன்

சேந்தமேட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க வயசு தெரிய வேண்டியதில்லை. காது இருந்தால் போதும். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் அஞ்சு வயசு ஆகிவிட்டதென்று அர்த்தம். தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. கன்னியப்பனின் மகள் கங்கா தொட்டாள். தொட்டதோடு விடாமல் காதில் கிடந்த தோட்டையும் ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டினாள். தலைமையாசிரியர் ரகுபதி, அந்த வருஷம் சேர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் போட்ட அதே ஜூன் மாதத் தேதியை அவளுக்கும் பிறந்த நாளாகப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினார்.

"இங்க கையெழுத்து போடு."

கன்னியப்பன் பேனாவை வாங்கவில்லை. கட்டை விரலை நீட்டினான்.

"அதானே பாத்தேன்" என்றார் ரகுபதி.

கன்னியப்பனுக்கு அப்போது முப்பத்தாறு வயசு. சின்னதில் அவன் கையும் காதைத் தொட்டிருக்கும். தொடச் சொல்லத்தான் ஆளில்லை. ஏழு வயசில் ஆடு மேய்ச்சல், பத்தில் ஏர், பதினஞ்சில் சவுக்குத் தோப்பில் மரம் வெட்டு என்று போய்விட்டது. அவன் வாழ்க்கையில் பத்திரத்தின் முன்னால் நின்றது ரெண்டே தடவை. ஒன்று கல்யாணம், இன்னொன்று நிலம் விற்றது. ரெண்டுக்கும் விரல்தான் வைத்தான். ரெண்டிலும் என்ன எழுதியிருந்தது என்பது அப்புறமாகத்தான் தெரிந்தது என்று கோபாலின் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த நிலம்தான் கதை. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டோரமாக ஒரு ஸ்பிரிங் கம்பெனி வந்தது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று பேச்சு. கன்னியப்பன் வீட்டுக்கு விழுந்தது கேட் வாட்ச்மேன் வேலை. கம்பெனியில் காவலுக்குப் பொறுப்பானவர் யாக்கோபு, மணிமங்கலத்துக்காரர், பட்டாளத்திலிருந்து வந்தவர். மீசையைக்கூட வரிசையாக நிற்க வைத்திருப்பார். அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"வர்ற வண்டி, போற வண்டி, எல்லா நம்பரும் ரிஜிஸ்டர்ல ஏறணும். ஆயுத பூஜை அன்னிக்கி கேட்டு தொறக்கறோம். மறுநாள் வந்து எழுதிக் காட்டு. எழுத வரலைன்னா உங்க அண்ணன் புள்ள எட்டாவது படிச்சிகிறானாமே, அவன அனுப்பு."

அண்ணன் நாகப்பன் அன்றைக்கே வாலாஜாபாத் போய் மகனுக்குக் காக்கித் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்துவிட்டான்.

"நெலமும் பூட்ச்சி. வேலையும் உங்க அண்ணன் வூட்டுக்கா?" என்றாள் கன்னியப்பனின் பெண்சாதி சின்னப்பொண்ணு. "நீ இன்னா, சாவற வரைக்கும் கூலிக்கு சவுக்கு வெட்டிக்கினே கீறதா?"

மரம் வெட்டி வெட்டி கன்னியப்பனின் இடுப்பு அவனுக்கு முன்னாலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடம் என்பது ஒரே ஒரு ஓட்டுக் கூடம். ஒரு கோடியில் ஒன்றும் ரெண்டும், காவேரி டீச்சர். மறு கோடியில் மூன்று, நாலு, அஞ்சு, ரகுபதி சார். நடுவில் சுவர் கிடையாது. முதல் நாள் கங்கா அப்பனின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு போட்ட கூச்சலில் அஞ்சாம் வகுப்புப் புவியியல் நின்றுபோனது. காவேரி டீச்சர் வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். பதினோரு வருஷமாகப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துத் துடைத்து எதற்கும் அசராதவர்.

"கங்கா அப்பா, நீங்களும் கடைசில உக்காருங்க. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

உட்கார்ந்தான். எதிரே மணலைப் பரப்பி ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பிடித்து 'அ' போட வைத்தார் டீச்சர். கன்னியப்பனின் விரல் தன்னாலே தரையில் வளைந்து ஓடிற்று. முதல் சுழி, வயிறு, கால். யாரும் பார்க்கவில்லை. அவனுக்கு வேர்த்துவிட்டது.

வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். "டீச்சர், எனக்கும் கத்துக்குடுங்க" என்று ஒரு வார்த்தைதான். ஆனால் கேட்ட அன்று சாயந்தரமே கோபால் கடையில் டீக்கு அவன்தான் பன்னு. அண்ணன் காதுக்குப் போனால் அதைவிடக் கேவலம்.

மூன்று நாள் கங்கா அழுதாள், அவன் உட்கார்ந்தான். நாலாம் நாள் அவள் அழவில்லை. பக்கத்துப் பிள்ளையோடு புளியங்கொட்டையை எண்ணிக்கொண்டு அப்பன் இருப்பதையே மறந்துவிட்டாள். "இனிமே நீங்க போலாம்" என்றார் டீச்சர். அன்றைக்குத்தான் வகுப்பு 'உ' வரைக்கும் வந்திருந்தது.

மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் கங்கா தொண்டை கிழிய அழுதாள். அதற்கு மறுநாளும் அழுதாள். ஜூலை முழுக்க அழுதாள். பெற்ற பிள்ளையை அழ வைப்பதற்குத் தினமும் ஒரு கம்மர்கட்டு வாங்கிக் கொடுத்த அப்பன் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அவன் ஒருத்தன்தான்.

விடியற்காலையில் தோப்பு, ஒன்பதரைக்குப் பள்ளிக்கூடம், சத்துணவு மணி அடித்ததும் மறுபடி தோப்பு. கூலி பாதியாகிவிட்டது. "பொண்ணு உடமாட்டேங்குது" என்று கன்னியப்பன் சொல்ல, "இது இன்னா பேஜாரு, யாரப் பாத்து இப்டி அயுவுதோ" என்று சின்னப்பொண்ணு திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

எழுத்து அவனுக்கு மெதுவாகத்தான் வந்தது. கணக்கு அப்படியில்லை. டீச்சர் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக நூலில் கட்டி வைத்திருப்பார். கட்டெல்லாம் ஒரு பக்கம், உதிரியெல்லாம் ஒரு பக்கம். பிள்ளைகள் முழித்தன. கன்னியப்பனுக்கு அது நாற்றங்கால். வாழ்நாள் பூராவும் நாற்றைக் கட்டாகவும் உதிரியாகவும் எண்ணினவன்தானே.

"முப்பத்தி நாலு எடுங்க பாக்கலாம்" என்றார் டீச்சர்.

"மூணு கட்டு, நாலு உதிரி" என்று பின்னாலிருந்து ஒரு கட்டைக் குரல் வந்தது. பிள்ளைகள் எல்லாம் திரும்பின. கன்னியப்பன் மேலே கூரையைப் பார்த்தான், பல்லி இருக்கிறதா என்று தேடுகிறவன் மாதிரி. டீச்சர் அடுத்த எண்ணுக்குப் போனார்.

ஆகஸ்டில் ஒரு நாள் குட்டு உடைந்தது. அன்றைக்குக் களிமண்ணில் பழம் செய்கிற பாடம். கங்கா வாசலுக்கு வந்ததும் மண்ணைப் பார்த்தாள், ஓடிப்போய் உட்கார்ந்துவிட்டாள். கன்னியப்பன் வாசலில் நின்று கண்ணைக் காட்டினான். கையைக் காட்டினான். கடைசியில் மடியிலிருந்த கம்மர்கட்டையே எடுத்துக் காட்டினான்.

கங்கா நிமிர்ந்து கூடமே கேட்கும்படி சொன்னாள்: "போ நைனா! டெய்லி ஒண்ணே ஒண்ணுதான் தர்ற. ரெண்டு குட்த்தாதான் அயுவேன்!"

மறு கோடியில் ரகுபதி சார் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அஞ்சாம் வகுப்பு சிரித்தது. எதற்கென்று தெரியாமல் ரெண்டாம் வகுப்பும் சிரித்தது.

கன்னியப்பன் திரும்பி நடந்தான். காவேரி டீச்சர் மாமரத்தடியில் போய்ப் பிடித்தார்.

"கங்கா அப்பா, நில்லுங்க. எங்க போறீங்க?"

"தோப்புக்கு, டீச்சர்."

"பாடம் பாதில இருக்குது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியுமா உங்களுக்கு?"

"பத்தாம் நாளே தெரியும். கொழந்த அழுதா கண்ணுல தண்ணி வரும். உங்க பொண்ணுக்கு வாயிலதான் வந்துது. மிட்டாய் வாங்கற துட்டுல ஒரு சிலேட்டு வாங்குங்க, ரெண்டு பலப்பம் வாங்குங்க. தரையில எழுதி எழுதி நகம் தேயுது."

அப்புறம்தான் அவன் கேட் வேலையைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினான். அண்ணன் மகனின் காக்கிச் சட்டைக்குப் பித்தான்கூடத் தைத்தாயிற்று என்பது உட்பட. டீச்சர் விரல் விட்டு நாளை எண்ணினார்.

"ஆயுத பூஜைக்குள்ள எழுத்தெல்லாம் முடியாது. நம்பர் முடியும். ஆனா வண்டில இங்கிலீஷ் எழுத்தும் இருக்குமே. அது மூணாங் கிளாஸ்ல."

"அப்ப என்னைய மூணாங் கிளாஸுக்கு மாத்திடுங்க டீச்சர்."

பின்னாலேயே வந்துவிட்டிருந்த ரகுபதி சார் இடுப்பில் கை வைத்தார். "ஒண்ணாவது பாஸ் பண்ணாமயா? இன்னா டீச்சர் இதெல்லாம்? இன்ஸ்பெக்‌ஷன் வந்தா நான் இன்னான்னு சொல்றது? மீசை வெச்ச புள்ளைக்கு சத்துணவுல முட்டை போட்டேன்னு சொல்றதா?"

"முட்டை வேணாம் சார். எடம் இருந்தா போதும்" என்றான் கன்னியப்பன்.

"நீங்க பாத்துக்கங்க. நான் ஒண்ணும் பாக்கல" என்றார் ரகுபதி. அவர் பாஷையில் அதுதான் உத்தரவு.

மறுநாளிலிருந்து ஒன்றாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் ரோட்டோரப் புங்கமரத்தடியில் நடந்தது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், முப்பத்தொன்பதாவதாகக் கன்னியப்பன், எல்லார் மடியிலும் சிலேட்டு. கல் லாரி ஒன்று வந்தால் நம்பரைப் பார்த்து எழுத வேண்டும். இங்கிலீஷ் எழுத்துக்குப் பிள்ளைகளே பேர் வைத்தன. டி என்றால் கரெண்டுக் கம்பம். எம் என்றால் ரெட்டை மலை. சி என்றால் கடிச்ச வடை. எக்ஸ் என்றால் கத்திரிக்கோல்.

"கம்பம், ரெட்டமல, கத்திரி, நாலு, மூணு, எட்டு, ஏழு!" என்று முப்பத்தெட்டுக் குரல் கத்தும். எழுதினவர்கள் சிலேட்டைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். டீச்சர் பார்ப்பார். "சரி, அழி" என்பார். எச்சில் தொட்டு அழித்துவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்கள். நாலு வண்டி போனதும், "மொத வண்டி என்ன? ரெண்டாவது என்ன?" என்று கேட்பார். சிலேட்டில் இருக்காது, மண்டையில் இருக்க வேண்டும். லாரி டிரைவர்களுக்கு முதலில் பயமாக இருந்தது. ஏதோ செக்கிங் என்று நினைத்து நாலைந்து பேர் தார்ப்பாய் கட்டிக்கொண்டு போனார்கள்.

செப்டம்பர் முடிவதற்குள், வண்டி வளைவு திரும்புமுன் கன்னியப்பன் சிலேட்டைத் தூக்கிவிடுவான்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் கம்பெனி கேட்டில் வாழைக்கன்று இன்னும் வாடவில்லை. நாகப்பன், புதுக் காக்கிச் சட்டை போட்ட மகனைக் கையோடு கூட்டி வந்து ஓரமாக நின்றான். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம் சார்" என்றான். சும்மா பார்க்க வந்தவன் மகனுக்குத் தொப்பி வேறு வாங்கியிருந்தான்.

யாக்கோபு ரிஜிஸ்டரை விரித்து மைப் பேனாவைக் கொடுத்தார். முதல் லாரி வந்தது. கன்னியப்பன் உதடு அசைய எழுதினான். எழுதி முடித்ததும், அத்தனை பெரிய ரிஜிஸ்டரை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

யாக்கோபு எட்டிப் பார்த்தார். எழுத்துக் கோணல், நம்பர் சுத்தம். "சரி" என்றார்.

சரி என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம். கன்னியப்பனின் விரல் நாக்குக்குப் போயிற்று, நாக்கிலிருந்து ரிஜிஸ்டருக்கு வந்தது. ஒரே தேய்ப்பு. புதுக் கம்பெனியின் புது ரிஜிஸ்டரில் முதல் வரி நீலச் சேறாகிவிட்டது.

"யோவ்! இன்னா பண்ற?"

கன்னியப்பன் விரலைச் சட்டையில் துடைத்தான். அதற்குள் ரெண்டாவது லாரி. எழுதினான், தூக்கினான். யாக்கோபு வாயைத் திறக்கவே இல்லை, தலையை மட்டும் ஆட்டினார். அதுவும் அழிந்தது.

"நாந்தான் சொன்னனே சார்" என்றான் நாகப்பன். "அவனுக்கு இதெல்லாம் சுட்டுப் போட்டாலும் வராது. பையன் ரெடியா கீறான்."

யாக்கோபுக்கு மீசை வரிசை கலைந்துவிட்டது. "ரெண்டு வண்டி உள்ள பூட்ச்சி. ரெண்டுக்கும் நம்பர் இல்ல. நான் மேனேஜருக்கு இன்னாத்த காட்டறது? உன் எச்சியவா?"

"நம்பர் கீது சார்."

"எங்க கீது?"

கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். கம்பம், கடிச்ச வடை என்றெல்லாம் உள்ளுக்குள் ஓட்டிவிட்டு, முதல் வண்டியின் நம்பரைச் சொன்னான். ரெண்டாவதையும் சொன்னான். அதோடு, யாக்கோபு ரிஜிஸ்டரை விரிப்பதற்கு முன்னாலேயே வாட்டர் டேங்குப் பக்கம் நின்றிருந்த வேன், மேனேஜர் வந்த கார், நாகப்பன் மகன் வந்த மொபெட், அத்தனை நம்பரையும் சொன்னான்.

யாக்கோபு உள்ளே போய் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பி வரும்போது நடையில் பட்டாளம் குறைந்திருந்தது.

"எங்கய்யா படிச்ச?"

"சேந்தமேடு ஸ்கூலு சார்."

"எது வரைக்கும்?"

"ஒண்ணாவது. இன்னும் முடியல."

யாக்கோபு புதுப் பக்கம் திருப்பினார். "அந்த அஞ்சையும் மறுபடி எழுது. எழுதினப்பறம் கைய பின்னால கட்டிக்கோ. நான் சரின்னு சொன்னாலும் கட்டிக்கோ."

எழுதினான். கட்டிக்கொண்டான். அஞ்சு வரியும் அப்படியே நின்றன. நாகப்பன், மகனின் தொப்பியைக் கழற்றித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினான். அடுத்தாற்போல் வேலைத் தாளில் கன்னியப்பன், டீச்சர் பழக்கியிருந்தபடி தன் பேரை எழுதினான். புள்ளி ரெண்டு அதிகமாக விழுந்திருந்தது, யாக்கோபு கண்டுகொள்ளவில்லை.

"திங்கக்கெழமையிலேந்து வா. உள்ளூர் ஆளு, பகல் ஷிப்ட் போட்டுத் தர்றேன்."

"நைட்டு குடுங்க சார்."

"பகலு கேட்டு அவனவன் உசுர எடுக்கறான். உனுக்கு இன்னாத்துக்கு நைட்டு?"

"காலைல ஒரு வேல கீது சார்."

ராத்திரி வேலையைக் கேட்டு வாங்கினவனைப் பற்றிக் கோபாலின் டீக்கடையில் ஒரு வாரம் ஆராய்ச்சி நடந்தது. பெண்டாட்டிக்குப் பயம் என்றது ஒரு பெஞ்சு. சவுக்குத் தோப்பில் எதையோ புதைத்து வைத்திருக்கிறான் என்றது இன்னொரு பெஞ்சு.

செவ்வாய்க்கிழமை காலையில், முதல் நாள் ஷிப்ட் முடித்த காக்கிச் சட்டையோடு, சிவந்த கண்ணோடு, கன்னியப்பன் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தான். கம்பெனிக் காரியமாக அலைந்து நாலு நாள் வராததில் வகுப்பு 'க' வரிசையைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. பலகையில் இருந்தது ஒன்றும் அவனுக்குப் புரியவில்லை.

காவேரி டீச்சர் வருகைப் பதிவை மூடிவிட்டு நிமிர்ந்தார். "கங்கா அப்பா, நாலு நாள் லீவு. லீவு லெட்டர் எங்க?"

கன்னியப்பன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அதுக்கு இன்னும் எழுத்து பத்தல டீச்சர். கத்துக்குடுங்க, எழுதித் தந்துடறேன்."