பதினாலாம் நம்பர் கோட்டை

போன மாதம் அலுவலக வேலையாக அல் ஐன் வரை போக வேண்டியிருந்தது. ஊருக்குள் நுழைந்ததும் கைப்பேசியில் வழி சொல்லும் பெண், அடுத்த சிக்னலில் இடப்பக்கம் திரும்பச் சொன்னாள். எனக்கு எரிச்சல் வந்தது. அங்கே சிக்னல் கிடையாது. ரவுண்டானா. நடுவில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு அரபுக் காபிக் கூஜா நிற்கும். அதை ஒரு முறைக்கு நான்கு முறை சுற்றியவள் நான். இதையெல்லாம் அவளிடம் வாய்விட்டே சொன்னேன். அவள் மறுபடியும் சிக்னல் என்றாள். கிட்டே போனால் சிக்னல்தான் இருந்தது. கூஜா நின்ற இடத்தில் எட்டு வழித் தார்ச்சாலையும் ஒரு சிவப்பு விளக்கும். நின்றேன், திரும்பினேன். யாருடைய தலையும் ஜன்னலில் முட்டவில்லை.

முட்டியது யாருடைய தலை என்று சொல்ல வேண்டுமென்றால் ஷார்ஜா தொழில்பேட்டைக்குப் போக வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த முதல் ஆண்டுகளில் அங்கே ஒரு கட்டுமான நிறுவனத்தில் எனக்கு வேலை. வெப்பமானி, அழுத்தமானி, தராசு என்று சைட்டுகளிலிருந்து வரும் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்து, ஒட்டுச்சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவது. எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வேன். மளிகைக்குப் பட்டியல், துவைக்கப் பட்டியல், ஊருக்குப் போன் பண்ணினால் பேச வேண்டியவற்றுக்குப் பட்டியல். அறைத்தோழி ஜெசிந்தா குளச்சல்காரி, கிளினிக்கில் நர்ஸ். "ஏட்டி, அழணும்னாலும் நீ ஒண்ணு ரெண்டு நம்பர் போட்டுட்டுத்தான் அழுவ" என்பாள்.

எங்கள் பிரிவின் முற்றத்தைப் பெருக்கவும் சிலிண்டர் தூக்கவும் அய்யாக்கண்ணு அண்ணன் வந்தார். அரியலூர் பக்கம். நாற்பத்தைந்து வயதிருக்கும். அதற்கு முன் ஏழு மாதம் ஒரு பழைய கோட்டையைப் புதுப்பிக்கும் வேலையில் பூச்சுக்காரராக இருந்தவர். கடித உறையில் விலாசம் எழுதித் தரச் சொல்லி மதியத்தில் என்னிடம் வருவார். அப்படித்தான் பழக்கம்.

ஒப்பந்தம் முடிந்து அவரை ஒரேயடியாக ஊருக்கு அனுப்பும் நாள் வந்தது. வெள்ளிக்கிழமை இரவு விமானம். அந்த வாரம் புதன்கிழமை வந்து, விளக்குமாற்றை ஓரமாகச் சாத்திவிட்டு நின்றார்.

"மேடம், நான் வேல பாத்த கோட்டையில ஒரு போட்டோ புடிக்கணும். கார் வாங்கியிருக்கீங்கன்னு சொன்னாங்க."

"எந்தக் கோட்டைண்ணே?"

"சைட் பதினாலு."

"அது கம்பெனி நம்பர். கோட்டைக்குப் பேர் என்ன?"

"அது தெரிஞ்சா நான் ஏன் மேடம் இப்புடி நிக்கிறேன்."

கதை இதுதான். விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தொழிலாளர் கேம்ப் வாசலில் பஸ் ஏற்றுவார்கள். ஏறியதும் தூங்கிவிடுவார்கள். சைட்டில் இறக்கி எழுப்புவார்கள். இருட்டிய பிறகு ஏற்றுவார்கள், கேம்ப்பில் எழுப்புவார்கள். ஏழு மாதம் ஒரு கோட்டைக்குப் போய்வந்த மனிதருக்கு அது எந்த ஊர் என்றே தெரியாது. இதிலே, அரண்மனை கட்டுகிறேன் என்று வீட்டுக்குக் கடிதம் வேறு எழுதியிருக்கிறார். அவருடைய மச்சான் தெருவில் நாலு பேரை வைத்துக்கொண்டு, "பேரே இல்லாத அரமணையா?" என்று கேட்டுச் சிரிக்கிறானாம். மனைவியும் இப்போதெல்லாம் அரண்மனை பற்றிக் கேட்பதில்லையாம். பெயர் வேண்டும், படம் வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை.

தலைமை அலுவலகத்தில் கேட்டேன். சைட் பதினாலின் கோப்பு திட்ட மேலாளரோடு அபுதாபி போய்விட்டது, அவர் லீவில் போய்விட்டார். சரி, நாமே கண்டுபிடிப்போம் என்று ஒரு படிவம் தயாரித்தேன். இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பன்னிரண்டு கேள்விகள், பதிலுக்குக் கோடு போட்ட இடம். கோபுரம் எத்தனை என்றதற்கு "மூணோ நாலோ" என்றார். வாசல் எந்தத் திசை? "காலையில வெயிலு மூஞ்சியில அடிக்கும்." சுவரின் உயரம்? "சாரம் ஆறு அடுக்கு." கிணறு உண்டா? "கெணறு இருக்கு. தண்ணி இல்ல." பஸ் இரண்டு மணி நேரம் ஓடும் என்றதை வைத்து அல் ஐன் பக்கம் என்று தீர்மானித்து, ஏழு கோட்டைகளைத் தூர வரிசையில் எழுதிக்கொண்டேன். தண்ணீர், ஸ்டெப்னி, கேமரா பேட்டரி எல்லாம் பட்டியலில் இருந்தன. வெள்ளிக்கிழமை என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இது புரியும். நமக்கு விடுமுறை வெள்ளி ஒருநாள்தான். அன்றைக்குத்தான் எதையும் பார்க்கப் போக முடியும். அன்றைக்குத்தான் எதையும் பூட்டி வைத்திருப்பார்கள்.

அந்தக் காரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் கை கொரோலா. ஓட்டுநர் உரிமம் ஐந்தாவது தேர்வில் கிடைத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நான்கு முறையும் ரவுண்டானாவில்தான் தோற்றேன். இந்தத் தகவலை அன்று இருவரிடமும் சொல்லவில்லை. காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஜெசிந்தா முன்னால், மடியில் மீன்குழம்புத் தூக்கு. அய்யாக்கண்ணு அண்ணன் பின்னால், விமானத்துக்கென்று வாங்கிய புதுச் சட்டையில். மாலை ஐந்துக்கு அவர் கேம்ப்பில் இருக்க வேண்டும், ஆறுக்கு விமான நிலையத்துக்கு வேன். பாஸ்போர்ட் கேம்ப் பொறுப்பாளர் கையில். ஐந்துக்கு ஆளில்லையென்றால் டிக்கெட் கலாஸ், அவ்வளவுதான், போச்சு என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

முதல் கோட்டை பூட்டியிருந்தது. அண்ணன் இறங்கிப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார், இரண்டு விரலால் சுரண்டினார், திரும்பி வந்தார்.

"இல்ல மேடம். இதுல வைக்கோலு நீளமா வெட்டியிருக்காங்க."

இரண்டாவதும் பூட்டு. அது இல்லை, மண் சிவப்பாக இருந்ததாம். மூன்றாவதில் கோபுரம் மூன்று, வாசல் கிழக்கு. படிவத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் தூரத்திலிருந்தே தலையாட்டினார். "இது குட்ட. நாலு அடுக்குலயே முடிஞ்சிரும்."

"ஆறு அடுக்குன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"மேடம், தெனம் ஏறுனது நானு."

நான்காவது புரைமியில். அப்போது அல் ஐனுக்கும் புரைமிக்கும் நடுவில் வேலி கிடையாது. ஒரு தெருவில் கறிவேப்பிலை வாங்கப் போனால் ஓமனுக்குள் போய்விட்டிருப்போம். கடைப்பலகைகளில் போன் நம்பர் மாறியிருந்ததை வைத்துத்தான் நாடு மாறிவிட்டது என்று தெரியும். இதை நான் விவரமாகச் சொல்லித் தொலைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் மனிதர் சீட்டுக்குக் கீழே பாதி இறங்கியிருந்தார்.

"விசா கேன்சலான ஆளு மேடம் நானு. இன்னிக்கிப் போயி நாடு தாண்டுனா என்ன ஆவுறது."

கோட்டையைப் பார்க்காமலே திரும்பினேன். மணி ஒன்று. பட்டியலில் நான்கு அடிக்கப்பட்டிருந்தன, மூன்று மிச்சம். மூன்று மணிக்குள் ஷார்ஜா திரும்பக் கிளம்பியாக வேண்டும். ஒரு ஈச்சந்தோப்பின் மதில் நிழலில் காரை நிறுத்திச் சாப்பிட்டோம். கார் முழுக்கச் சாளைக் குழம்பு வாசனை. இன்றைக்கும் சாளை கொதிக்கும் வீட்டில் எனக்கு மூன்று மணிக்குள் எங்கோ போய்ச் சேர வேண்டும் என்று பதறும்.

ஜெசிந்தா படிவம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. நோயாளியிடம் கேட்கிற மாதிரி கேட்டாள். "அண்ணே, நெத்தியில அது என்ன தழும்பு?"

"அது பஸ்ஸுல முட்டுனதும்மா. தெனம் முட்டும். வலப்பக்க ஜன்னல் சீட்டு எனக்கு. பஸ்ஸு மூணு தடவ வளையும். மூணாவது வளைவுல நங்குன்னு முட்டும், முழிச்சிக்குவேன். எதுத்தாப்புல மூக்கு வச்ச சொம்பு ஒண்ணு வெளக்குப் போட்டு நிக்கும். அத விட்டா அஞ்சு நிமிசம், எறக்கிருவான்."

நான் சோற்றுக் கையோடு அவர் பக்கம் திரும்பினேன். "மூக்கு வச்ச சொம்பா?"

"ஆமா. பெருசு. வீடு தண்டி."

"இதை ஏண்ணே நேத்தே சொல்லல?"

"நீங்க கோட்டையப் பத்தித்தான மேடம் கேட்டீங்க."

கையைக் கழுவிவிட்டு வண்டியை எடுத்தேன். காபிக் கூஜா ரவுண்டானா எனக்குத் தெரியும். ஆனால் அதிலிருந்து எந்தச் சாலை? பஸ் எங்கே நுழைந்து எங்கே வெளியேறியது என்று அவருக்குத் தெரியாது, தலைக்குத்தான் தெரியும். எனவே அவரைப் பின்சீட்டில் வலப்பக்க ஜன்னலோரம் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, சுற்ற ஆரம்பித்தேன். நேராகப் போனால் முட்டவில்லை. ஒரு சாலை தாண்டித் திரும்பினேன், "லேசா" என்றார். கொரோலா பஸ் மாதிரி சாயாது, வேகம் வேண்டும் என்று வேகம் கூட்டினேன். "ஏட்டி, ஞான் நர்ஸு, என்னைய நோயாளி ஆக்கிராத" என்று ஜெசிந்தா காலிக் குழம்புத் தூக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான்காவது சுற்றில் கடைசிச் சாலையில் திரும்பியபோது பின்னால் நங்கென்று கேட்டது.

"இதான் மேடம்" என்றார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே. நான் கையாண்ட கருவிகளில் இவ்வளவு துல்லியமான ஒன்றுக்கு ஒட்டுச்சீட்டு ஒட்டியதில்லை.

ஐந்து நிமிடத்தில் ஒரு டீக்கடை வந்தது. தொழுகை முடிந்து மலையாளிக் கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார். அண்ணன் இறங்கியதும், "அண்ணாச்சி, எவிடயாயிருந்நு இத்ர நாள்?" என்று டீ ஆற்ற ஆரம்பித்துவிட்டார். கோட்டை எதிரிலேயே இருந்தது. என் பட்டியலில் ஆறாவது. பெயரை டீக்கடைக்காரர்தான் சொன்னார். "ஏழு மாசம் பணி எடுத்திட்டு பேரு அறியில்லே?" என்று சிரித்தார். அண்ணன் அந்தப் பெயரை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். இங்கே எழுதவில்லை. அது அவருடைய மச்சானுக்குப் போக வேண்டிய பெயர்.

மணி இரண்டேகால். கோட்டை வாசலில் பெரிய பூட்டு. காவல்காரப் பெரியவர் நாற்காலியிலிருந்து எழாமலே, "ஜும்மா. சார் பஜே" என்றார். நாலு மணிக்குத்தான் திறப்பு. கெஞ்சினேன். "சாவி மாஃபி" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

போகட்டும், கோட்டை கிடைத்துவிட்டதே. கேமராவை எடுத்தேன். "அண்ணே, அந்தச் சுவர்ப் பக்கம் நில்லுங்க, கோபுரத்தோட சேர்ந்து வரும்."

அவர் நிற்கவில்லை.

"அது என் செவுரு இல்ல மேடம்."

"இந்தக் கோட்டைதானே?"

"கோட்ட இதான். வெளிச் செவுரு பெங்காலிங்க பூசுனது. என்து உள்ள, முத்தத்துல, எடப்பக்கம்."

"போட்டோவுல யாருக்குண்ணே அது தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

நான் அன்று பேசியதை எல்லாம் எழுத முடியாது. காலையிலிருந்து இருநூறு கிலோமீட்டர், ஐந்து கோட்டை, ஒரு அயல்நாடு. ஒரு சுவருக்கும் இன்னொரு சுவருக்கும் நடுவில் இந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அடுத்தவன் பூசிய சுவர் முன்னால் நின்று பல்லைக் காட்ட மாட்டாராம். ஜெசிந்தா என் தோளைப் பிடித்து, "விடுட்டி" என்றாள்.

பெரிய கதவுக்குள் ஒரு குட்டிக் கதவு. அதன் இரண்டு பலகைகளுக்கு நடுவில் விரல் நுழையும் இடைவெளி. அண்ணன் அதில் கண்ணை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. "தெரியுது மேடம்" என்று ஒதுங்கி வழிவிட்டார். நான் கேமராவை அந்த இடைவெளியில் அழுத்திப் பிடித்து எடுத்தேன். வந்தது இதுதான்: இரண்டு பக்கமும் கருப்பு, நடுவில் ஒரு நீளப் பட்டையாக வெயில் விழுந்த மண்சுவர், அதில் இரண்டு மாடங்கள். மனிதர் யாரும் இல்லை. சின்னத் திரையில் காட்டினேன். தலையை ஆட்டினார். டீக்கடைக்காரர் பாலிதீன் பையில் மூன்று டீ கட்டிக் கொடுத்தார். நாலு ஐம்பதுக்குக் கேம்ப் வாசலில் இறக்கிவிட்டேன்.

படத்தைப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு போன். அவர் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக்கடையிலிருந்து பேசினார்.

"தங்கச்சி, போட்டோ வந்திருச்சு. பேரக் கேட்டுட்டு மச்சான் வாயே தொறக்கல."

"சந்தோஷம்ணே. அண்ணி என்ன சொன்னாங்க?"

"அவ கெடக்கா. நீ எங்கய்யா இருக்கன்னு கேட்டா. இங்ஙன, அங்ஙன எல்லாம் நாந்தான்னு காட்டுனேன். சரி, அது இல்ல விசயம். எடப்பக்கம் ரெண்டாவது மாடத்துக்குக் கீழ ஒரு வெடிப்பு தெரியுதே, பாத்தியா? நான் விட்டப்ப இல்ல. மழ பெஞ்சா தண்ணி எறங்கிரும். யார்ட்டயாச்சும் சொல்லிப்புடு. பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லு."

இதற்கா கடல் தாண்டிப் போன் பண்ணினீர்கள் என்று கேட்க நினைத்தேன். கடை நம்பரைக் குறித்துக்கொண்டேன். அலுவலகத்தில் எழுதியும் கொடுத்தேன், சைட் பதினாலு, முற்றம், இடப்பக்கம், இரண்டாவது மாடம் என்று. வேலை முடிந்து ஒப்படைத்தாயிற்று என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதை அவரிடம் சொல்ல மனமில்லாமல் போன் பண்ணுவதைத் தள்ளிப்போட்டேன். பிறகு நான் வேலை மாறினேன், ஜெசிந்தா கல்யாணமாகிப் போனாள். வருடங்கள் போய்விட்டன.

போன மாதம் அந்த சிக்னலில் திரும்பியது அந்தக் கோட்டைக்குப் போகத்தான். டீக்கடை இல்லை, அந்த இடம் கார் நிறுத்துமிடம். காவல்காரப் பெரியவரின் நாற்காலி இருந்த இடத்தில் கண்ணாடி அறை, உள்ளே ஏசி, சீருடையில் ஒரு பெண். எல்லா நாளும் திறந்திருக்கும் என்றாள். வெள்ளிக்கிழமையுமா என்றேன். வெள்ளிக்கிழமையும். முற்றத்துக்குப் போய், இடப்பக்கம் இரண்டாவது மாடத்துக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தேன். வெடிப்பு இல்லை. சுவர் முழுவதையும் புதிதாகப் பூசியிருந்தார்கள். விரலால் சுரண்டிப் பார்த்தேன். வைக்கோல் நீளமாக வெட்டியிருந்தது.

அன்றைய பட்டியலை இன்னும் வைத்திருக்கிறேன். அதன் பின்பக்கம்தான் மளிகைக்கடை நம்பர். வாசலில் வந்து நின்று போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு எண் உபயோகத்தில் இல்லை என்று இன்னொரு பெண் சொன்னாள். இவளிடமும் வாதாடிப் பார்த்தேன்.