பிள்ளை பெயரில் ஒரு டாட் எஃப்ஆர்

1. மதியம் வந்த போன்

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் பிரான்சு எண். காரைக்காலில் டிடிபி சென்டர் வைத்து, பிறகு வெப்சைட் வேலைக்கு மாறியவள் நான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரில் பிரான்சிலிருந்து போன் வருவது அதிசயம் இல்லை. பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை என்று ஏதாவது கேட்பார்கள். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"கலாக்கா, நான் ஜெரோம் பேசுறேன். மார்த்தா மதாம் மகன்."

"சொல்லுப்பா, நல்லாருக்கியா?"

"நல்லா இல்லக்கா. அம்மாவோட வடக வெப்சைட்ல எம் பேர யாரு போட்டது? என்னை வேலையை விட்டுத் தூக்கிருவாங்க போலருக்கு."

அன்று நான் சாப்பிடவில்லை. நான்கு மாதம் ஆகிவிட்டது. இப்போதும் பிரான்சு எண் திரையில் தெரிந்தால் டப்பாவை மூடி வைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன். புதிதாக வெப்சைட் தொழிலுக்கு வரும் பிள்ளைகள், "டாட் காம் எடுக்கவா, டாட் இன் எடுக்கவா அக்கா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அதற்கு என் பதில் இதுதான். இதில் வரும் தவறு என்னுடையது. மறைக்காமல் எழுதுகிறேன்.

2. கீபோர்டு மேல் வைத்த கார்டு

மார்த்தா மதாம் வீட்டை எங்கள் தெருவில் சொல்தா வீடு என்பார்கள். அவர் கணவர் பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக, அதாவது சொல்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பிறகும் பென்ஷன் வருகிறது. மதாமுக்குக் குறை ஒன்றும் இல்லை, கை மட்டும் சும்மா இருக்காது. வெயில் ஏறிவிட்டால் மாடியில் சின்ன வெங்காயமும் பூண்டும் உளுந்தும் இடித்துக் கலந்து, விளக்கெண்ணெய் தடவி, நாள்தோறும் உருட்டி, உதிர்த்து, மறுபடி உருட்டித் தாளிப்பு வடகம் காயவைப்பார். தெருமுனை வரை மணக்கும். பிரான்சில் குடியேறிய நம் ஊர்க்காரர்கள் ஊருக்கு வந்து திரும்பும்போது மதாம் வீட்டு வடகம் இல்லாமல் விமானம் ஏற மாட்டார்கள்.

ஒரே மகன் ஜெரோம். பிளஸ் டூ முடித்ததும் பிரான்சுக்குப் போனான். படித்தான், கல்யாணம் செய்துகொண்டான், பாரிசுக்கு வெளியே ஒரு நகராட்சி அலுவலகத்தில் வேலையில் சேர்ந்தான். அவன் சேர்ந்த அதே சமயத்தில்தான் மதாம் என் கடைக்கு வந்தார்.

"கலா, வடகத்துக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடு. பெட்டியில தூக்கிட்டுப் போறவங்களை நம்பி எத்தனை நாளைக்கு?"

"போடலாம் மதாம். இந்தியாவுக்குள்ள மட்டும்னா டாட் இன் போதும். வெளியூருக்கும்னா டாட் காம். உங்க பேர்ல டாட் காம் காலியாத்தான் இருக்கு."

"அது வேணாம். அங்க உள்ளவங்க கடைசியில டாட் எஃப்ஆர்னு இருந்தாத்தான் நம்பி வாங்குவாங்க. எம் மருமகளே அப்படித்தான்."

எஃப்ஆர் என்றால் பிரான்சு. மதாம் சொன்னதில் தவறில்லை. வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டு எக்ஸ்டென்ஷனைப் பார்த்தால் அவருக்கு நம்பிக்கை வரும். நானே பலருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். டொமைன், அதாவது வெப்சைட்டின் பெயர், பதிவு செய்யும் ஃபாரத்தைத் திறந்து மதாமின் பெயரையும் காரைக்கால் முகவரியையும் அடித்தேன். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது.

"என்ன செவப்பா வருது?"

"இந்தியா முகவரியை எடுத்துக்க மாட்டேங்குது மதாம்."

"நான் யாருன்னு அதுக்குத் தெரியாதா? நான் பிரெஞ்சுப் பிரஜை. எலெக்‌ஷன் வந்தா ஓட்டுப் போடுறேன். இரு, வரேன்."

வீட்டுக்குப் போய் பிளாஸ்டிக் உறையில் இருந்த பிரெஞ்சு அடையாள அட்டையை எடுத்துவந்தார். கம்ப்யூட்டருக்கே காட்டுவதுபோல் கீபோர்டு மேல் வைத்தார்.

"இப்ப அடி."

நான் சிரிக்கவில்லை. எனக்கும் அதே நம்பிக்கைதான். அந்த அட்டை திறக்காத கதவை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. ஸ்கேன் செய்து, டொமைன் விற்கும் கம்பெனிக்கு அனுப்பினேன். மறுநாள் இரண்டு வரியில் பதில் வந்தது. குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பதிவு செய்பவர் ஐரோப்பாவில் குடியிருக்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் இந்தச் சந்தேகமே கேட்டிருக்க மாட்டார்கள். காரைக்கால்காரர்களுக்குத்தான் தேசம் வேறு, முகவரி வேறு என்பது புரிய நேரமாகிறது.

மதாம் அசரவில்லை. "அப்ப ஜெரோம் பேர்ல போடு. அவன் அங்கதானே இருக்கான்?"

"அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?"

"எம் புள்ள பேரு. அதுக்கு யாரைக் கேக்கணும்? பொறந்தநாளைக்குச் சொல்லிக்கலாம், சந்தோஷப்படுவான்."

எனக்கும் அது இயல்பாகத்தான் பட்டது. நான் திருநள்ளாறு பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டில் டிராக்டர் வாங்கினால் பிள்ளை பெயர். பேங்கில் டெபாசிட் போட்டால் பிள்ளை பெயர். என் கடையின் டொமைனையே, திருச்சியில் படிக்கும் என் மகள் யாழினி பெயரில்தான் எடுத்திருந்தேன். அதைப் பாசம் என்றுதான் நினைத்திருந்தோம். அனுமதி என்ற சொல்லே எங்கள் மனதில் வரவில்லை.

ஜெரோம் பெயரையும் அவன் வீட்டு முகவரியையும் அடித்தேன். பச்சை டிக் வந்தது. பிரெஞ்சுக் கடைத் தளங்களில் உரிமையாளர் விவரம் சொல்லும் பக்கம் ஒன்று அடியில் இருக்கும். நாலைந்து தளங்களைப் பார்த்து அதையும் செய்தேன். பொறுப்பாளர் என்ற இடத்தில் அவன் முழுப்பெயரைப் போட்டேன். யாரும் கேட்காமலேயே, என் வேலைச் சுத்தத்தைக் காட்டுவதற்காகப் போட்டது அது.

3. மேஜைக்கு வந்த பொட்டலம்

வடகம் நன்றாகப் போனது. நம்மவர்கள் வாங்கினார்கள், பிறகு பிரெஞ்சுக்காரர்களும் வாங்கினார்கள். அப்படி வாங்கியவர்களில் ஒருத்தி ஜெரோமின் அலுவலகத்துக்காரி. பக்கத்தின் அடியில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, பொட்டலத்தை அவன் மேஜையில் வைத்து, "நீ கடை வைத்திருக்கிறாயா, சொல்லவே இல்லையே!" என்று சிரித்திருக்கிறாள். கெட்ட எண்ணத்தில் அல்ல. ஆனால் அந்தச் சிரிப்பு அவன் மேலதிகாரி காதுக்குப் போய்விட்டது.

அங்கே அரசு வேலையில் இருப்பவர் அனுமதி வாங்காமல் தனியாக வியாபாரம் செய்யக் கூடாது. அதிலும் ஜெரோமுக்குப் பயிற்சிக் காலம் முடியவில்லை. பத்து நாளில் எழுத்தில் விளக்கம் தரச் சொல்லியிருந்தார்கள். விளக்கம் சரியில்லை என்றால் வேலை நிலைக்காது. போனில் அவன் சொன்ன விஷயம் இவ்வளவுதான்.

முதல் வேலையாகத் தளத்தை இணையத்திலிருந்து எடுத்தேன். பிறகு மதாமைக் கூப்பிட்டேன். செருப்பைக்கூட மாற்றாமல், வீட்டில் போடும் ரப்பர் செருப்போடு வந்து நின்றார்.

"எனக்கு போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறான் கலா. உனக்குப் பண்ணியிருக்கான் பாரு."

"கோவம் மதாம். சரியாயிடும்."

"என்னத்த சரியாவறது? அவங்கப்பா இருந்திருந்தா என்னை வெட்டிப் போட்டிருப்பாரு. நீ ஒரு பேப்பர் அடி. எல்லாம் நான்தான் பண்ணேன், எம் புள்ளைக்கு ஒன்னும் தெரியாதுன்னு அடி. கையெழுத்துப் போடுறேன்."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. என் பெயர் இதில் வராது. அடிக்கவும் ஆரம்பித்துவிட்டேன். அனுப்புவதற்கு முன் ஜெரோமிடம் போனில் படித்துக் காட்டினேன்.

"அம்மா எழுதினா வேலைக்காவாதுக்கா. அம்மா விக்குது, புள்ள பேர்ல கடை நடக்குது. குடும்பமே சேந்து பண்ணுதுன்னுதான் நினைப்பாங்க. வெளியாள் எழுதணும். அந்த ஃபாரத்தை யாரு ரொப்புனாங்களோ அவங்க."

"நான்தாம்ப்பா ரொப்புனேன்."

"தெரியும்க்கா. அதனாலதான் உங்களுக்கு போன் பண்ணேன்."

4. மூன்று வரி

ஒருவரைக் கேட்காமல் அவர் பெயரைக் கொடுத்தேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அது என் கடையின் முத்திரையோடு ஓர் அரசு அலுவலகத்துக்குப் போகும். அவர்கள் என் மேல் நடவடிக்கை எடுத்தால்? இங்கே வெளியே தெரிந்தால் அடுத்து எவர் தன் அடையாள அட்டையை என் மேஜையில் வைப்பார்? யாழினிக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாக, இன்னொன்றையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"யாழு, நம்ம கடை டொமைனையும் உன் பேர்லதான் எடுத்திருக்கேன். உன்கிட்ட சொல்லல."

"தெரியும்மா."

"எப்படி?"

"நீ குடுத்தது என் மெயில் ஐடிம்மா. வருஷா வருஷம் ரெனியூவல் மெயில் எனக்குத்தான் வருது. நான்தான் உனக்கு ஃபார்வேர்ட் பண்றேன். அது யாரு அனுப்புறான்னு நினைச்சுக்கிட்டிருந்த?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவளே பிறகு மெதுவாகச் சொன்னாள். "எழுதிக் குடும்மா. நாளைக்கு எனக்கு இப்படி ஆச்சுன்னா, பண்ணவங்க எழுதிக் குடுக்கணும்னுதானே நீ ஆசைப்படுவ?"

எழுதினேன். பெயரை உள்ளிட்டவள் நான். அவருடைய அனுமதியை நான் கேட்கவில்லை. அவருக்கு இது தெரியாது. இந்த மூன்று வரிக்கு ஒரு மதியம் முழுவதும் ஆயிற்று. கூடவே, பதிவின்போது வந்த மெயில்களைப் பிரிண்ட் எடுத்து இணைத்தேன். நல்லவேளையாக, இதில் ஜெரோமின் மெயிலையோ போன் எண்ணையோ கொடுக்கவில்லை. தொடர்பு மெயில் என்னுடையது, பணம் கட்டிய கார்டும் என்னுடையது. அவன் அதில் எங்குமே இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. ஜெரோம் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கொடுத்தான்.

5. காத்திருந்த நாட்கள்

மதாம் தினமும் மதியம் வந்து என் கடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். வெயில் கொளுத்தியது. வடகம் போடவில்லை. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வெங்காயம் உரிக்க வரும் பெண்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். என்னிடம் கோபித்துக்கொள்ளவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை ஜெரோம் அழைத்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"முடிஞ்சிருச்சுக்கா. உங்க லெட்டரை ஏத்துக்கிட்டாங்க. வேலைக்கு ஒன்னும் இல்ல. உன் பேர யாரு எங்க போடுறாங்கன்னு பாத்துக்கோன்னு மட்டும் சொன்னாங்க."

மதாம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"அம்மா இருக்காங்களா? அம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன்ல?"

"அதனாலதான்டா கேக்கல."

அவன் சிரித்தான். மதாமும் சிரித்தார். நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

டாட் எஃப்ஆரை விற்ற கம்பெனியிடமே ஒப்படைத்துவிட்டோம். இப்போது மதாமின் கடை டாட் காமில் இருக்கிறது. காரைக்கால் முகவரி, மார்த்தா மதாமின் பெயர், முதல் வரியிலேயே. வாங்குகிறவர்கள் குறையவில்லை. வெயிலில் காய்ந்த வடகத்துக்கு வெயில் அடிக்கும் ஊரின் முகவரி இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜெரோமின் அலுவலகத்துக்காரியும் மறுபடி வாங்கினாள். "அட்ரஸை நான்தான் குடுத்தேன். எம் பேரு இல்லன்னு ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் குடுத்தேன்" என்றான் ஜெரோம்.

6. இப்போது என் வழக்கம்

எக்ஸ்டென்ஷன் பற்றி நான் கற்றது இதுதான். எது பார்க்க அழகு, எது முதல் வருடம் சலுகையில் கிடைக்கிறது என்பதெல்லாம் அடுத்த கேள்விகள். முதல் கேள்வி, நாளைக்கு ஒரு கடிதம் வந்தால் பதில் சொல்லப் போகிறவர் யார், அவர் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்பது. அந்த எக்ஸ்டென்ஷனின் விதியைப் படித்துவிட்டு, அவர் அதற்குள் வருகிறாரா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். வேறொருவர் பெயரை இரவல் வாங்கி உள்ளே நுழையாதீர்கள். அந்த வேறொருவர் வாடிக்கையாளரின் பிள்ளையாக இருந்தாலும் அவரிடம் நீங்களே பேசாமல் ஓர் எழுத்தும் அடிக்காதீர்கள்.

போன வாரம் திருநள்ளாற்றில் லாட்ஜ் நடத்தும் ஒரு பெரியவர் வந்தார். டாட் இன் கேட்டார். சரியான தேர்வுதான். யார் பெயரில் என்று கேட்டேன்.

"எம் மவன் பேர்ல போடுங்க. பெங்களூர்ல இருக்கான்."

"அவருக்கு ஒரு போன் போடுங்கய்யா."

"எதுக்கும்மா? எம் மவன்தானே? நான் பெத்த புள்ளைகிட்ட நான் பர்மிஷன் கேக்கணுமா?"

"கேளுங்கய்யா. நான் காத்திருக்கேன்."

முகத்தைச் சுளித்துக்கொண்டே போட்டார். விஷயத்தைச் சொன்னார். மகன் பேசியது எனக்கும் கேட்டது. "எம் பேரு எதுக்குப்பா? முப்பது வருஷமா அந்த லாட்ஜை நடத்துறது நீங்க. உங்க பேரையே போடுங்க."

பெரியவர் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"அப்ப எம் பேரையே அடிம்மா" என்றார். "இனிஷியலோட."