உர விளம்பரத்துக்குள் இருந்த ராஜகுமாரி

போன வாரம் கண் ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் யாரோ விட்டுப்போன வாரப் பத்திரிகையில் ஒரு பட்டியல் பார்த்தேன். மாயாஜாலக் கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் முதலில் படிக்கவேண்டிய புத்தகங்களாம். ஒரு பக்கம் முழுக்கப் பெயர்கள். சொட்டு மருந்து விடுவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று விரலை வைத்துக்கொண்டே இறங்கி வந்தேன். ஒன்றுகூட நான் படித்ததில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள், வேறென்ன? ஆனால் ஒரு குறை மட்டும் மனதில் தட்டியது. பட்டியலில் சீரகப் பொட்டலம் இல்லை.

சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான பள்ளங்கியில் எங்களுக்குப் பூண்டு வெள்ளாமை. பறித்த பூண்டை வேர் நறுக்கி, தண்டோடு கற்றை கட்டி, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகை காட்டுவோம். அந்த வாசனை தலைமுடியில் ஏறினால் லேசில் இறங்காது. கொடைக்கானல் சந்தையில் நாங்கள் வாய் திறக்கும் முன்பே எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்கள். நான் எங்கே வாய் திறந்தேன்! கொட்டகையில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து வேர் நறுக்கினால் ஒன்பது பேர் பேசுவார்கள். பத்தாவது ஆள் நான். எனக்கு வைத்திருந்த பெயர் ஊமச்சி.

பூண்டு மூட்டையோடு பழனிக்கு இறங்கும் பொதிக்குதிரைகள் உப்பும் வெல்லமும் சீரகமும் ஏற்றிக்கொண்டு திரும்பும். பழனிக் கடைக்காரர் பொட்டலம் கட்ட வெல்லத்துக்குப் பெரிய செய்தித்தாளும், சீரகத்துக்குச் சின்னக் கதைப் பத்திரிகையின் தாளும் வைத்திருந்தார். ஒருநாள் சீரகத்தைக் கொட்டிவிட்டுத் தாளைக் கொட்டகைக்குக் கொண்டுபோய் விரித்து எனக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ஒரு குள்ளன் ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அடுத்த வீட்டுக் காத்தாயி பெரியம்மாவுக்குக் காது கூர்மை.

“ஏண்டி, அத எங்களுக்குந்தான் படியேன். வாயில என்ன கொழுக்கட்டையா?”

படித்தேன். கொட்டகையில் வேறு யாருக்கும் எழுத்துத் தெரியாது. தாள் முகத்தை மறைத்ததால் என் குரல் எனக்கே புதிதாக வெளியே வந்தது. தாள் முடிந்தது, ஓட்டம் முடியவில்லை. மிச்சம் வேண்டுமென்றால் இன்னொரு சீரகப் பொட்டலம் வரவேண்டும். அந்த மாதம் வீட்டுக்கு வீடு சீரகம் சொல்லி அனுப்பினார்கள். ரசத்தில் சீரகம், துவையலில் சீரகம், மோரில்கூட. “ஒங்க ஊருல எல்லாருக்குமே வயிறு சரியில்லையா?” என்று கடைக்காரர் பொதிக்காரரிடம் கேட்டாராம்.

தாள்கள் வரிசையாகவா வரும்? நடுவில் கிழிந்தது, முன்னால் வரவேண்டியது பின்னால் வந்தது என்று இருக்கும். கதை கட்ட விரும்புகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது அப்படிப்பட்ட தாளைத்தான். முழுப் புத்தகம் படித்தால் அவர்கள் கதை தெரியும். பாதித் தாள் படித்தால் நம் கதை பிறக்கும்.

பிறகு அந்தப் பத்திரிகைக் கட்டு தீர்ந்துபோனது. அடுத்த சீரகம் வந்தது ஓர் உர விளம்பரத்தில். தலை அளவு உருளைக்கிழங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் சிரிக்கிறார். அவ்வளவுதான். ஒன்பது பேர் கத்தியை வைத்துவிட்டு என்னையே பார்க்கிறார்கள். இல்லை என்று சொன்னால் நான் மறுபடியும் ஊமச்சி. உருளைக்கிழங்குக்காரரைப் பார்த்துக்கொண்டே, “குள்ளன் ராஜகுமாரியைக் கல்வீட்டுக்குள் வைத்தான்” என்று வாசித்தேன்.

கல்வீடு நான் பார்த்ததுதான். பேத்துப்பாறைப் பக்கம், மூன்று கல் நிறுத்தி மேலே ஒரு பலகைக்கல் மூடியிருக்கும். அந்தக் காலத்துக் குள்ளர்கள் வீடு என்பார்கள். கதையில் ஒரு மலை தினமும் மத்தியானம் காணாமல் போகும். அதற்கு நான் எங்கேயும் போகவேண்டியதில்லை. கொட்டகை வாசலிலேயே பனி ஏறி எதிர்மலையை விழுங்கிவிடும். வெல்லத் தாள், உப்புத் தாள், எது கிடைத்தாலும் அதை விரித்துவைத்து நாலு வாரம் அப்படியே ஓட்டினேன். ராஜகுமாரி தன் குரலை ஒரு பூண்டுப் பல்லுக்குள் ஒளித்துவைத்தாள். அதைச் சொன்ன அன்று கொட்டகையில் மூக்கை உறிஞ்சாதவர் இல்லை.

மறுநாள்தான் சரோஜா மதினி எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். கொடைக்கானல் டவுனிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், கொட்டகைக்கு வர ஆரம்பித்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. எட்டாவது படித்தவள். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, அன்று கையில் இருந்த உருளைக்கிழங்குத் தாளை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“இது மேன்யூர் அட்வர்டைஸ்மென்ட்டுல்ல! பொய்யாப் படிக்கிறா பாருங்க!”

 எழுந்து ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன். காத்தாயி பெரியம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை.

“பொய்யின்னா நேத்து நீ எதுக்கு அழுத?”

“அது... பொகை கண்ணுல பட்டுச்சு.”

“ஆமா, ஒனக்கு மட்டும் பொகை. ஏ புள்ள, அந்தக் குரலு கெடச்சுச்சா இல்லையா? வெரசாச் சொல்லு, சோலி கெடக்கு.”

சொல்ல வாயைத் திறந்தேன். தாள் இல்லாமல் ஒரு சொல்கூட வரவில்லை. எல்லா முகங்களும் தெரிந்தன. கண்ணீர் முட்டியது. பெரியம்மா முதல்முறையாகத் தலையைத் தூக்கிச் சரோஜா மதினியைப் பார்த்தார்.

“தாள அவகிட்ட குடு. பாக்காம எப்படிப் படிப்பா?”

மதினி தாளைத் திருப்பிக் கொடுத்தாள். தலைகீழாகக் கொடுத்தாள். நானும் அப்படியே பிடித்துக்கொண்டு வாசித்தேன்.

எனக்குக் கல்யாணம் ஆகும்வரை அந்த உருளைக்கிழங்குக்காரரை வைத்துத்தான் கொட்டகையில் அத்தனை கதையும் நடந்தது. தாள் நைந்ததும் மதினிதான் சோற்றுப் பசை தடவி ஒட்டினாள். நான் தடுமாறும்போது, “பக்கத்தத் திருப்பு” என்று எடுத்துக் கொடுப்பாள். ஒரே பக்கம்தான். பத்துப் பேருக்கும் தெரியும். ஒருத்திகூட வெளியே சொன்னதில்லை. ஊமச்சி என்றும் யாரும் கூப்பிடவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் கட்டடம். குதிரைப் பாதையில் புதர் மண்டிவிட்டது. பெரியம்மாவும் இல்லை, மதினியும் இல்லை. சீரகம் பளபளவென்ற பையில் வருகிறது.

ஆஸ்பத்திரியில் என் பெயரைக் கூப்பிடும் முன்பு, எதிரில் இருந்த பெண்ணிடம் பேனா கேட்டேன். ஆமாம், நானே கேட்டேன். பட்டியலின் அடியில் எழுதினேன்: சீரகப் பொட்டலம், பள்ளங்கி. கடையில் இப்போது கிடைக்காது.