குழாயடிக் கணக்கு

கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் மிளகாய். அது அவருக்கும் தெரியும். "காரமில்லாத மிளகாயை எவன் வாங்குவான்?" என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அச்சகத்தில் வேலை பார்க்கும் அவர் கணவர் சிரிப்பதோடு நிறுத்திக்கொள்வார். இத்தனை வருஷத்தில் அந்த அளவு புத்தி அவருக்கு வந்திருந்தது.

பெற்றோர் வந்து வகுப்புகளைச் சுற்றிப் பார்க்கும் நாளுக்கு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் ஒழுகும் குழாய்களைக் கணக்கெடுத்திருந்தார்கள். ஒவ்வொரு குழாய்க்கும் கீழே குவளை வைத்து, ஒரு மணி நேரத்தில் சேரும் தண்ணீரை அளந்து, நாளுக்கு, மாதத்துக்கு, வருஷத்துக்கு என்று பெருக்கினார்கள். வருஷம் முழுக்க வீணாகும் தண்ணீரை வகுப்பறையில் நிரப்பினால் டீச்சரின் கழுத்து வரை வரும் என்று விடை வந்தது. உடனே ஒரு சார்ட்டில், கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு பிரம்பை ஆட்டும் டீச்சரை வரைந்துவிட்டார்கள். அதைப் பார்த்து மிளகாயே சிரித்துவிட்டது.

தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. முதல் நாள் மதியம் வந்து பார்த்தவர் முகம் சுண்டிப்போனது.

"வர்றவங்ககிட்ட நம்ம ஓட்டையை நாமளே காட்டணுமா டீச்சர்?"

"ஓட்டையைக் காட்டல சார். பெருக்கலைக் காட்டறோம்."

"எடுத்துடுங்க."

"எடுக்க மாட்டேன்."

மறுநாள் காலை வகுப்பைத் திறந்தால் சுவரெல்லாம் கலர் காகிதத்தில் வட்டமும் முக்கோணமும் பளபளத்தன. பிள்ளைகளின் சார்ட்டுகள் ஆபீஸுக்குப் பின்னால் குப்பைத் தொட்டியில் கிடந்தன. கழுத்தளவு டீச்சர் இரண்டாகக் கிழிந்திருந்தார். தொட்டியைச் சுற்றி நின்ற பிள்ளைகளில் இரண்டு பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

டீச்சருக்குக் காது மடல் கொதித்தது. தன்னை என்ன சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பார். பிள்ளைகள் ராப்பகலாகப் போட்ட கணக்கைக் குப்பையில் போட அந்த ஆளுக்கு எப்படி மனசு வந்தது? புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தலைமையாசிரியர் அறையைப் பார்த்து நடந்தார்.

வகுப்பின் வாயாடிப் பெண் குறுக்கே ஓடிவந்து நின்றாள். "டீச்சர், அவரை அப்புறமா திட்டிக்கலாம். எல்லாரும் வர்ற நேரமாச்சு. சார்ட்டைத்தானே கிழிச்சாங்க? குழாய் அங்கேயேதானே ஒழுகுது?"

டீச்சர் அப்படியே பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "குவளையை எடுங்க எல்லாரும்," என்றார்.

பெற்றோர் வந்தபோது ஏழாம் வகுப்பு அறை காலியாக இருந்தது. பிள்ளைகள் குழாய்க்கு இரண்டு பேராக நின்றார்கள். கேள்வி கேட்டால் தரையைப் பார்க்கும் ஒரு பையன், தண்ணீர்த் தொட்டியின் சுவரில் சாக்பீஸால் பெருக்கிக் காட்டினான். நடுவில் ஒரு இடம் தப்பு. யாரும் சொல்வதற்குள் அவனே நாக்கைக் கடித்துக்கொண்டு, கையால் அழித்துத் திருத்தினான். அவன் அம்மா துணி வெளுக்கும் இடத்தில் வேலை செய்பவள். "இது எம்புள்ளையா டீச்சர்?" என்றாள்.

"பின்ன, பக்கத்து வீட்டுப் புள்ளையா?" என்று எரிந்து விழுந்தார் டீச்சர். பையனின் சாக்பீஸ் கையைத் தன் தலைப்பால் துடைத்துவிட்டார்.

கூட்டத்தைப் பார்த்துத் தலைமையாசிரியர் வேகமாக வந்தார். ஒரு அப்பா மடக்கினார். "சார், குடிக்கிற தண்ணியை வீட்லேர்ந்து கொண்டுவரச் சொல்றீங்க. இங்க இப்படி ஓடுதே?"

"அதுக்குத்தாங்க இந்தக் கண்காட்சியே! நான்தான் பசங்களைச் செய்யச் சொன்னேன். அடுத்த வாரமே சரி பண்ணிடுவோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் முன்னால் கத்த வேண்டாம் என்று பார்த்தார்.

கூட்டம் கலைந்ததும் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சதே டீச்சர், இன்னும் என்ன முறைப்பு?"

"யார் கிழிச்சதுன்னு பிள்ளைங்களுக்குத் தெரியும். வந்து மன்னிப்புக் கேளுங்க."

"நான்? அதுங்ககிட்டயா?"

"அவங்ககிட்டதான்."

"குழாயடிச் சண்டை போடாதீங்க டீச்சர்."

"குழாயை ஒழுக விட்டது நானா சார்?"

அவர் ஃபைலைத் திறந்துவைத்துக்கொண்டார். கதவை அறைந்துவிட்டு டீச்சர் வகுப்புக்குத் திரும்பினார். பிள்ளைகள் நனைந்த சட்டையோடு காத்திருந்தார்கள். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தார். "ஈரத்தோட ஏன் நிக்கறீங்க? நாளைக்குச் சளின்னு லீவு போட்டா தொலைச்சுடுவேன்!" என்றுதான் வந்தது. பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் இன்னைக்குத் தலை நிமிர்ந்து நின்னது உங்களாலதான். ரொம்ப நன்றி," என்றார்.

"கேக்கல டீச்சர், இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் வாயாடி.

"வெளிய போடி!"

வகுப்பே சிரித்தது.

சொன்னபடியே குழாய்களைச் சரிசெய்தார்கள். தலைமையாசிரியர் மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றிலிருந்து டீச்சர் அவருக்கு வணக்கம் சொல்வதில்லை.

"அதான் குழாய் சரியாயிடுச்சே, இன்னும் என்ன கோபம்?" என்று ஒருநாள் கணவர் கேட்டுப் பார்த்தார்.

"அந்த ஆளு இன்னும் மன்னிப்புக் கேக்கலையே," என்றார் டீச்சர். பிறகு, அந்தப் பையன் தன் தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்தியதை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். கணவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டுக் கேட்டார்.