நாலு கே-யில் அடங்காத வணக்கம்

கம்ப்யூட்டர் 'ஞாபகம் போதவில்லை' என்றதும், அதற்குச் சூடு ஏறிவிட்டது என்று முடிவுகட்டி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு நான் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தேன். என் மடத்தனத்தை அளக்க விரும்புகிறவர்கள் இங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

எழுபதுகளின் கடைசி. கப்பலில் வேலை பார்த்த என் மனைவியின் தம்பி, டெலிவிஷனோடு இணைக்கிற அந்தப் பெட்டியை ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் இறக்கிவைத்தான்.

"ஞாயித்துக்கெழம வருவேன் மாமா. உருப்படியா ஒரு வேல செய்ய வெச்சுக் காட்டு, பொட்டி உனுக்கு. இல்லேன்னா எட்துக்கினு பூடுவேன்."

கோவளத்தில் மாமனார் வீட்டுப் பக்கம் கரைவலை போடுவதற்கு வீட்டுக்கு ஒரு நாள் முறை. இன்றைக்கு யார் முறை என்பதில் தினமும் கரையில் சண்டை. தேதியைத் தட்டினால் வீட்டுக்காரர் பேரைச் சொல்லும்படி ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். ஓடவிட்டால் திரையில் 'அவுட் ஆஃப் மெமரி'. அணைத்துப் போட்டேன், அதே. தூசி தட்டினேன், அதே. பெட்டியின் மொத்த ஞாபகமே நாலு கே. இரண்டு பக்கக் கடுதாசி கொள்ளும், அவ்வளவுதான்.

வெறுத்துப்போய்ப் பெயர்களில் கைவைத்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"எங்க சித்தப்பா வூட்டக் காணோம்? அவுரு மொறைக்கு நீ போயி வல இழுப்பியா?"

சித்தப்பாவைத் திரும்பச் சேர்த்து, 'மன்னிக்கவும்' என்று ஒரு குறிப்பு வரியும் போட்டேன். குறிப்பு வரிகளை எந்திரம் படிக்காமல் தாண்டிவிடும், ஆகவே அவை இடமும் பிடிக்காது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து ப்ரோக்ராமின் குறிப்பு வரிகளை மேலிருந்து படித்தான். அம்மன் துணை. தர்கா துணை. மாதா துணை. அப்புறம் தெருவாரியாகப் பெரியவர்களுக்கு வணக்கம்.

"இன்னா மாமா இது, கல்யாணப் பத்திரிகையா? குறிப்பும் எடத்த அடைக்கும். தூக்கு அல்லாத்தையும்."

"சாமி மேல கைய வெச்சே, நான் கோவளம் பஸ் ஏறிடுவேன்" என்றாள் மனைவி. பெரியவர்களில் ஒருவர் விட்டுப்போனாலும் அந்தக் கரையில் நான் கால் வைக்க முடியாது.

மச்சான் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சாமியத் தொடக்கூடாது, பெரியவங்களத் தொடக்கூடாது. அப்ப யாரத்தான் மச்சான் தூக்கறது?"

வணக்கங்களுக்குக் கீழே இன்னும் எட்டு வரி மிச்சமிருந்தது. இயற்றியவர் என்று என் பேர், படிப்பு, உத்தியோகம், 'கோவளத்து மூத்த மாப்பிள்ளை' என்ற விருது, கடைசியில் பணிவாக ஒரு 'அடியேன்'. மச்சான் ஒயரைக் கீழே வைத்துவிட்டு அதை நிதானமாகப் படித்து முடித்தான்.

"மொதல்ல உன்னத் தூக்கு மாமா."